வேலைக்கு ஆள் எடுக்கேக்க பக்கம் சாயாம எடுக்கிறது எப்பிடி? கொழும்பில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் எச்ஆர்ல (ஆள் எடுக்கிற, ஆக்களைப் பாக்கிற பிரிவில) இருக்கிறதால வெள்ளவத்தைல கடை வச்சிருக்கிறவை, புறக்கோட்டைல மொத்த வியாபாரம் செய்யிறவை, ஐடி கொம்பனில டீம் லீட் ஆனவுடன முதல்தரமா இன்டர்வியூ எடுக்கப் போற தம்பி தங்கச்சிமார் எண்டு கனபேர் ஒரே கேள்விகளை கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் நோட் போடுறதை விட எழுதி வைக்கிறது லேசு. கொஞ்சம் நீளம்தான், தேவையானதை மட்டும் வாசியுங்க.

நாங்க ஆரையும் இனம் மதம் பார்த்து பிரிக்கிறதே இல்ல, பிறகு எங்களுக்கு ஏன் இதெல்லாம்?

அநேகமா எல்லாரும் இதைத்தான் முதல்ல சொல்லுவினம், பொய் சொல்லினம் எண்டும் நான் நினைக்கேல்ல. "இந்த ஆக்களை எடுக்கமாட்டன்" எண்டு வெளிப்படையா சொல்ற முதலாளி குறைவு. பிரச்சினை வேற வழியால வருது. ஆள் வந்து கதிரைல இருக்க முதலே சீவில பேரைப் பார்த்து, ஸ்கூலைப் பார்த்து, போன்ல கதைச்ச தொனியை வச்சு மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும், மிச்ச அரை மணித்தியாலமும் அந்தச் சாய்வுக்கு காரணம் தேடுறதிலயே போயிடும். பிடிச்ச பிள்ளைக்கு எக்ஸெல் தெரியாட்டி "பழக்கி எடுக்கலாம்", பிடிக்காத பிள்ளைக்கு எக்ஸெல் தெரியாட்டி "அடிப்படையே தெரியாது". ரெண்டு பேருக்கும் இருந்தது ஒரே குறை.

இது புதுக்கதையும் இல்ல. அமெரிக்காவில எட்வர்ட் தோர்ன்டைக் எண்ட உளவியலாளர் 1920லயே எழுதினவர், ராணுவ அதிகாரிமார் தங்களுக்கு கீழ வேலை செய்யிறவைக்கு மார்க்ஸ் போடேக்க ஒரு விஷயத்தில நல்லவன் எண்டு பட்டுட்டா சம்பந்தமே இல்லாத மற்ற விஷயத்துக்கும் மார்க்ஸ் கூட விழுது எண்டு. நூறு வருஷம் தாண்டியும் நாங்க அப்பிடியேதான் இருக்கிறம். அதால நல்ல மனசை நம்பி இருக்கேலாது. என்ன வேணும் எண்டு ஆளைப் பாக்க முதலே எழுதி வைக்கோணும், எல்லாரையும் ஒரே மாதிரி கேக்கோணும். கீழ இருக்கிறதெல்லாம் இதில இருந்து வாறதுதான்.

சட்டம் என்ன சொல்லுது? ஆரும் வழக்குப் போடலாமா?

அரசியலமைப்பில உறுப்புரை 12(2) இருக்கு, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் எண்டு எதை வச்சும் எந்தப் பிரஜைக்கும் பாகுபாடு காட்டேலாது எண்டு. ஆனா அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத்துக்கு போறது அரசாங்கத்தின்ட நிர்வாகச் செயலுக்கு எதிரா மட்டும்தான், அதுவும் ஒரு மாசத்துக்குள்ள. தனியார் கொம்பனி ஒண்டு உங்கட பேரைப் பார்த்து சீவியை ஒதுக்கிச்சு எண்டா அந்தக் கதவு திறக்காது. தொழில் நியாய சபையும் வேலையில இருந்து நிப்பாட்டினவைக்குத்தான், வேலை கிடைக்காதவைக்கு இல்ல.

ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கு, கனபேருக்கு தெரியாது. 1996ம் ஆண்டு 28ம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், எந்த வேலைக்கும் ஆள் சேக்கேக்க உடல் ஊனத்தைக் காரணம் காட்டி பாகுபாடு காட்டக்கூடாது எண்டு சொல்லுது, மேல் நீதிமன்றத்துக்கு மனுவோட போகலாம். அதோட தொழிலில பாகுபாடு பற்றின சர்வதேச தொழில் அமைப்பின்ட (ஐஎல்ஓ) 111ம் இலக்க சமவாயத்தை இலங்கை 1998ல ஏற்றுக்கொண்டது. 2022ல வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இனம், மதம், அரசியல் கொள்கை, உடல்நலம் மாதிரியான தகவலை விசேஷ வகையா வச்சிருக்கு, விண்ணப்பப் படிவத்தில சும்மா கேட்டு வாங்கி டிராயருக்குள்ள போட்டு வைக்கிறதை இனி யோசிச்சுத்தான் செய்யோணும்.

சட்டத்தில ஓட்டை இருக்கு எண்டது உண்மை. அந்த ஓட்டைக்குள்ள ஒளிஞ்சு நிக்கிற கொம்பனிக்கு நல்ல ஆள் கிடைக்காம போறதும் உண்மை.

விளம்பரத்தில "ஆண்கள் மட்டும்", "வயது 18 - 25", "கவர்ச்சியான தோற்றம்" எண்டு போடலாமா? எல்லாரும் போடுகினமே?

போடுகினம்தான், ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல பக்கம் பக்கமா இருக்கு. நான் கேக்கிறது ஒண்டுதான், இந்த நிபந்தனை எந்த வேலைக்காக? ஸ்டோர்ஸ்ல 50 கிலோ மூட்டை தூக்கோணும் எண்டா "50 கிலோ மூட்டை தூக்கோணும்" எண்டு போடுங்க, தூக்கக்கூடிய ஆள் வரட்டும். தனியார் துறையில குறைஞ்சபட்ச ஓய்வு வயசு 60 எண்டு 2021ல சட்டமே வந்த பிறகு, 35 வயசு அக்கவுண்ட்ஸ் கிளார்க் "வயசு போன ஆள்" எண்டு எப்பிடி ஆச்சு எண்டு எனக்கு விளங்கேல்ல. தோற்றம் பற்றி எழுதாதேங்க, அதில வாறது அநேகமா நிறம்தான்.

இதைவிட பெரிய விஷயம் மொழி. "சிங்களம், ஆங்கிலம் சரளமா பேசவேண்டும்" எண்டு எல்லா விளம்பரத்திலயும் கொப்பி பண்ணி ஒட்டுகினம். டேட்டா என்ட்ரிக்கும் அதே, கோட் எழுதிறதுக்கும் அதே. சிங்களம் இல்லாட்டி வேலை நடக்காது எண்டா தாராளமா கேளுங்க, களனிக்கும் கம்பஹாவுக்கும் போய் கடை கடையா ஓடர் எடுக்கிற சேல்ஸ் ரெப்புக்கு சிங்களம் வேணும்தான். ஆனா எவ்வளவு வேணும் எண்டு சொல்லுங்க. கதைச்சா போதுமா, வாசிக்கோணுமா, கடிதம் எழுதோணுமா? "சரளமா" எண்ட ஒரு சொல்லில கிளிநொச்சில இருந்தும் மட்டக்களப்பில இருந்தும் விண்ணப்பிக்க இருந்த நல்ல பிள்ளைகள் அப்பிடியே நிண்டிடுவினம். மறுபக்கமும் இருக்கு, வடக்கு கிழக்கில கிளை திறக்கிற கொழும்புக் கொம்பனி தமிழ் தெரிஞ்ச ஆளைத் தேடேக்க அதை ஒரு தகுதியாவே எண்ணுறதில்ல, பொயின்ட் குடுக்கிறதில்ல, வேலைக்கு வந்த பிறகு மட்டும் எல்லா மொழிபெயர்ப்பும் அந்தப் பிள்ளையின்ட தலைல விழும்.

சீவில பேரையும் படத்தையும் மறைச்சா சரிதானே?

நல்ல ஆரம்பம். 2004ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில, பொஸ்டன்லயும் சிக்காகோவிலயும் வந்த விளம்பரங்களுக்கு கிட்டத்தட்ட 5000 சீவி அனுப்பிப் பார்த்தவை, தகுதியை ஒரே தரத்தில வச்சு பேரை மட்டும் மாத்தி. வெள்ளையர் பேர் மாதிரி இருந்த சீவிக்கு கறுப்பினத்தவர் பேர் மாதிரி இருந்ததை விட 50 வீதம் கூட கோல் வந்தது. அவையளின்ட ஊர்க் கதை அது, ஆனா இங்க பேரைப் பார்த்து இனம், மதம், சில நேரம் ஊர் வரைக்கும் சொல்றதில எங்கட ஆக்கள் கெட்டிக்காரர், அதை மறக்கக்கூடாது.

இலங்கைச் சீவில பேரை மறைச்சாலும் மிச்சம் எல்லாம் கத்திச் சொல்லும். அடையாள அட்டை இலக்கத்தையே எடுங்க. பழைய ஒன்பது இலக்க நம்பர்ல முதல் ரெண்டும் பிறந்த வருஷம், 2016ல இருந்து வாற பன்னிரண்டு இலக்கத்தில முதல் நாலும் வருஷம், அதுக்கு அடுத்த மூண்டும் வருஷத்தில எத்தினையாவது நாள் எண்டது, பெண் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். அப்ப படமும் இல்ல, பேரும் இல்ல, பிறந்த திகதியும் இல்ல எண்டு நீங்க நினைச்சுக்கொண்டு இருக்க, அந்த நம்பர் வயசையும் ஆணோ பெண்ணோ எண்டதையும் சொல்லிட்டுது. முதல் கட்டத்தில அந்த நம்பர் உங்களுக்கு எதுக்கு? ஆள் எடுத்த பிறகு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பதியேக்க வாங்கினா போதும்.

மற்றது, மதம், விவாகமோ இல்லையோ, அப்பா என்ன வேலை, கிராம சேவகர் பிரிவு. இதெல்லாம் எப்பவோ ஆரோ அடிச்ச டெம்ப்ளேட்ல இருந்து வழிவழியா வாறது, கேக்கிறவைக்கும் ஏன் எண்டு தெரியாது. விலாசமும் அப்பிடித்தான். தேயிலைத் தோட்டத்து விலாசம் எண்டா லயம் (தொழிலாளரின்ட வரிசை வீடு), டிவிஷன் எண்டு வரும், அதைக் கண்டவுடன "தூரம், அடிக்கடி ஊருக்குப் போவான்" எண்டு தள்ளுற ஆக்களைப் பார்த்திருக்கிறன். அந்தப் பிள்ளை கொட்டாஞ்சேனைல ரூம் எடுத்து மூண்டு வருஷமா இருக்கலாம், ஆருக்கு தெரியும். இன்னொண்டு, தோட்டத்து விலாசத்துக்கு அனுப்புற கடிதம் எஸ்டேட் ஒபிசுக்குப் போய் நேரத்துக்கு கையில கிடைக்காமலும் போகும், அதால இன்டர்வியூவுக்கு கூப்பிடுறதெண்டா போன்லயும் வட்ஸ்அப்லயும் கூப்பிடுங்க, பேந்து "கூப்பிட்டம், வரேல்ல" எண்டு எழுதாதேங்க.

சின்னக் கொம்பனில இதை எப்பிடிச் செய்யிறது? சொப்ட்வெயார் ஒண்டும் தேவையில்ல. ஒபிஸ்ல ஒராள் சீவியள வாசிச்சு, படிப்பு, அனுபவம், தெரிஞ்ச வேலை எண்டு மூண்டு நாலு கொலத்தில ஒரு ஷீட்ல போட்டு, பேருக்குப் பதிலா நம்பர் குடுத்து, தெரிவு செய்யிற ஆளுக்கு அந்த ஷீட்டை மட்டும் குடுக்கட்டும்.

ஸ்கூலைப் பாக்கக்கூடாதா? நல்ல ஸ்கூல் எண்டா நல்ல பிள்ளைதானே?

கொழும்பில ஒராளின்ட ஸ்கூல் பேர் அவர் எங்க பிறந்தவர், அப்பாட்ட காசு இருந்துதா, எந்த மதம், எந்த மொழியில படிச்சவர் எண்டு எல்லாத்தையும் ஒரேயடியா சொல்லிடும், அவர் வேலை செய்வாரா எண்டதை மட்டும் சொல்லாது. ரோயல் - தோமியன் மட்ச் (ரெண்டு பெரிய ஸ்கூலுக்கு இடையில நடக்கிற கிரிக்கெட்) டிக்கெட்டைப் பற்றி பத்து நிமிஷம் கதைச்சு முடிச்சு வேலை குடுத்த இன்டர்வியூ இந்த நகரத்தில கொஞ்சநஞ்சமில்ல. எங்கட பக்கமும் குறைவில்ல, இந்துக் கல்லூரி பழைய மாணவர் எண்டவுடன முகம் மலருறது. ஏஎல் ரிசல்ட்ஸ் பாருங்க, அது வேலைக்குத் தேவை எண்டா. ஸ்கூல் பேரை ஷீட்ல ஏத்தாதேங்க.

தெரிஞ்ச ஆக்கள் மூலமா எடுக்கிறது பிழையா? நம்பிக்கையான ஆள் வேணுமே.

"அண்ணா, எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான், நல்ல பெடியன், ஒருக்கா பாருங்கோ." இந்த மெசேஜ் வராத கிழமை இல்ல. இதில எனக்கு கொஞ்சம் காரமான கருத்து இருக்கு. சிங்களக் கொம்பனி எங்களை எடுக்குதில்ல எண்டு மணித்தியாலக் கணக்கில கதைக்கிற எங்கட முதலாளிமார் கனபேர், தங்கட கடைல கல்லாப்பெட்டிக்கு கிட்ட நிக்கிற வேலைக்கு சொந்த ஊர் ஆளைத் தவிர வேற ஆரையும் விடமாட்டினம். மலையகத்துப் பெடியன் எண்டா பத்து வருஷம் நிண்டாலும் மூட்டை தூக்கிறது, ரீ வாங்கிறது, டெலிவரி, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக்காரர் மட்டக்களப்பு ஆளுக்கு குடுக்கமாட்டார், முஸ்லிம் பிள்ளை விண்ணப்பிச்சா "சரிவராது" எண்டு ஒரு சொல்லோட முடியும். ஏன் எண்டு கேட்டா "நம்பிக்கை". களவு போனா ஊருக்குப் போய் அப்பாவைப் பிடிக்கலாம் எண்டதுதான் அந்த நம்பிக்கை, அதுக்கு கமரா பூட்டி, ஸ்டொக் எண்ணி, கணக்குப் பாக்கிற ஒழுங்கை கொண்டுவந்தா ஊர் தேவைப்படாது. ஊரைத் தாண்டி சாதி வரைக்கும் விசாரிக்கிற ஆக்களும் இருக்கினம், அதைப் பற்றி ஆரும் வாய் திறக்கமாட்டினம்.

சிபாரிசை ஒரேயடியா நிப்பாட்டச் சொல்லேல்ல. சிபாரிசில வந்தவரும் மற்ற ஆக்களோட அதே ஷீட், அதே டெஸ்ட், அதே கேள்வியால வரட்டும். சிபாரிசு செய்தவர் இன்டர்வியூல இருக்கக்கூடாது. வேலை காலியா இருக்கு எண்டது வட்ஸ்அப் குரூப்போட நிக்காம வெளியிலயும் போகோணும், ஒரே இடத்தில வலை போட்டா ஒரே மீன்தான் வரும்.

சரி, இன்டர்வியூவை எப்பிடி நடத்திறது?

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க" எண்டு தொடங்கி கதை போற பக்கம் போற இன்டர்வியூ இருக்கே, அதில நல்லாக் கதைக்கிற ஆள்தான் வெல்லுவார். எல்லாருக்கும் ஒரே கேள்வியை ஒரே ஒழுங்கில கேட்டு, பதிலுக்கு மார்க்ஸ் போடுறது, அதோட அந்த வேலையின்ட ஒரு துண்டை செய்யக் குடுத்துப் பாக்கிறது, இது ரெண்டும் ஆளின்ட வேலையைக் கணிக்கிறதில முன்னுக்கு நிக்குது எண்டு 1998ல இருந்து பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவை சொல்லினம், 2022ல திரும்ப கணக்குப் பார்த்தபோதும் ஒரே மாதிரி கேக்கிற இன்டர்வியூதான் முதலாவதா வந்தது.

உதாரணத்துக்கு அக்கவுண்ட்ஸ் கிளார்க். முதல்ல ஐஞ்சு விஷயம் எழுதுங்க: பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் கணக்கையும் எங்கட புத்தகத்தையும் ஒத்துப்பாக்கிறது), எக்ஸெல், பிழையைக் கண்டுபிடிக்கிறது, சப்ளையரோட கதைக்கிறது, நேரத்துக்கு முடிக்கிறது. ஒரு பேங்க் ஸ்டேட்மென்டும் கேஷ் புக்கும் குடுத்து, வேணுமெண்டே ரெண்டு பிழை வச்சு, அரை மணித்தியாலம் குடுங்க. பிறகு "சப்ளையர் ஒருத்தர் காசு வரேல்ல எண்டு சத்தம் போடுறார், உங்கட புத்தகத்தில செக் போயிருக்கு, என்ன செய்வீங்க?" எண்டு எல்லாரையும் கேளுங்க. என்ன பதிலுக்கு 1, என்ன பதிலுக்கு 3, என்னத்துக்கு 5 எண்டதை ஆள் வர முதலே எழுதி வச்சிருக்கோணும், பிறகு எழுதினா பிடிச்ச ஆளின்ட பதில்தான் 5 ஆகும்.

இன்டர்வியூ எடுக்கிறவை மூண்டு பேர் எண்டா ஒவ்வொருத்தரும் தனித்தனியா மார்க்ஸ் போட்டுட்டுத்தான் வாய் திறக்கலாம். இது சும்மா சொல்ற விஷயமில்ல, எங்கட இடங்களில டிரெக்டர் "பெடியன் பரவாயில்ல" எண்டு தொண்டையைச் செருமினா போதும், மிச்சப் பேர் பேனையை மூடிடுவினம். அதால மார்க்ஸ் சேர்த்த பிறகு பெரியவர் கடைசியா கதைக்கட்டும்.

நாளையும் கவனியுங்க. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு இன்டர்வியூ போட்டா ஜும்மாவுக்குப் போறவர் என்ன செய்வார்? யாழ்ப்பாணத்தில இருந்து இரவு பஸ்ல கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் வந்து விடிய ஏழு மணிக்கு இறங்கி ஒன்பது மணிக்கு உங்கட முன்னால இருக்கிற பிள்ளையையும், பம்பலப்பிட்டில இருந்து பத்து நிமிஷத்தில வந்த பிள்ளையையும் பார்த்து "இவர் டல்" எண்டு எழுதாதேங்க. முதல் சுற்றை சூம்ல வைக்கலாம்.

பொம்பிளைப் பிள்ளையளிட்ட கல்யாணம், பிள்ளை பற்றிக் கேக்கலாமா? லீவ் பிரச்சினை இருக்கே.

கேக்காதேங்க. பிரசவ லீவு 84 நாள், அந்தச் சம்பளத்தை முதலாளிதான் குடுக்கிறார், பொதுக் காப்புறுதி ஒண்டும் இல்ல, அதால பயம் எங்கயிருந்து வருது எண்டு எனக்கு விளங்குது. ஆனா அதே பதவில வாற ஆம்பிளை கட்டாருக்கோ கனடாவுக்கோ விசா வந்தவுடன ஒரு மாச நோட்டீசில போறதை ஆரும் இன்டர்வியூல கேக்கிறதில்ல. எங்கட நாட்டில பொம்பிளையளில மூண்டில ஒரு பங்கு அளவுதான் வேலைச் சந்தைக்குள்ள இருக்கினம், மிச்சப் பேர் வெளில நிக்கிறதுக்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். இரவு ஷிப்ட் இருக்கு எண்டா "இந்த வேலைல இரவு ஷிப்ட் இருக்கு, ஏலுமா?" எண்டு ஆம்பிளை பொம்பிளை எல்லாரிட்டயும் கேளுங்க. வீட்டில விடுவினமா எண்டது உங்கட பாடு இல்ல.

பர்தா, பொட்டு, தாடி பற்றியும் அப்பிடித்தான். மெஷினுக்குள்ள துணி மாட்டும் எண்டா பாதுகாப்புக் காரணம், அதை எல்லாருக்கும் சொல்லுங்க. "கஸ்டமர் விரும்பமாட்டினம்" எண்டது காரணம் இல்ல.

பொலிஸ் ரிப்போர்ட் கேக்கலாமா?

எல்லாரிட்டயும் கேளுங்க, அல்லது ஆரிட்டயும் கேக்காதேங்க. வடக்கு கிழக்கு விலாசம் எண்டா மட்டும் கேக்கிற பழக்கம் இன்னும் சில இடத்தில இருக்கு. கேக்கிறதெண்டாலும் ஆளைத் தெரிவு செய்த பிறகு.

"எங்கட கொம்பனிக்கு செட் ஆகமாட்டார்" எண்டு ஒரு உணர்வு வந்தா?

எதில செட் ஆகமாட்டார் எண்டு ஒரு வசனத்தில எழுதுங்க. எழுத வந்தா அது காரணம், ஷீட்ல சேருங்க. எழுத வரேல்ல எண்டா விடுங்க.

மாற்றுத்திறனாளி விண்ணப்பிச்சா?

மேல சொன்ன 1996 சட்டத்தை ஞாபகம் வச்சிருங்க. "இன்டர்வியூவுக்கு ஏதாவது ஏற்பாடு வேணுமா?" எண்டு கூப்பிடுற எல்லாரிட்டயும் கேட்டா போதும், தனியா ஒருத்தரை நோகடிக்கத் தேவையில்ல. புறக்கோட்டைப் பக்கம் லிப்ட் இல்லாத மூண்டாம் மாடி ஒபிஸ் எண்டா கீழ ஒரு இடத்தில வையுங்க.

ஏஐ சொப்ட்வெயார் போட்டா மனுஷச் சாய்வே இல்லாம போயிடும்தானே?

அமேசன் இதைச் செய்து பார்த்தது. தங்களுக்கு பத்து வருஷமா வந்த சீவியளைக் குடுத்து பழக்கின சிஸ்டம், அதில கூட ஆம்பிளையள் எண்டதால, "பெண்கள்" எண்ட சொல் வந்த சீவிக்கு மார்க்ஸ் குறைக்கத் தொடங்கிச்சு, பெண்கள் செஸ் கழகத் தலைவி எண்டு இருந்தாலும் குறையும். கடைசில கைவிட்டிட்டினம், 2018ல ரொய்ட்டர்ஸ் செய்தி போட்டது. உங்கட கொம்பனி இருபது வருஷமா ஒரே ஸ்கூல், ஒரே ஊர் எண்டு எடுத்திருந்தா மெஷின் படிக்கப் போறதும் அதைத்தான், ஆனா இந்தமுறை கம்ப்யூட்டர் சொல்லுது எண்டு எல்லாரும் நம்புவினம். சீவியை அடுக்க, இன்டர்வியூ நேரம் போட பாவியுங்க, ஆளை வெட்ட விடாதேங்க.

அப்ப தகுதி குறைஞ்ச ஆளை எடுக்கச் சொல்றீங்களா?

இல்லவே இல்ல. இதுவரை சொன்னதில எந்த இடத்திலயாவது தகுதியைக் குறைக்கச் சொன்னனா? தகுதியை ஒழுங்கா அளக்கச் சொல்றன், அளக்காம எடுக்கிறதாலதான் தகுதி இல்லாத சிபாரிசுப் பெடியன் உள்ளுக்கு இருக்கிறான்.

முதலாளியே தன்ட மருமகனை எடுக்கச் சொன்னா நான் என்ன செய்யிறது?

குடும்பக் கொம்பனி எண்டா அவர் கொம்பனி, அவர் காசு, நீங்க சண்டை பிடிச்சு வெல்லப்போறதில்ல. ஆனா அப்பிடி எடுக்கிறதெண்டா விளம்பரம் போட்டு, நாற்பது பிள்ளையளைக் கூப்பிட்டு, பஸ் காசு செலவழிக்க வச்சு நாடகம் ஆடாதேங்க. "ஐயா, நேரா எடுங்க, இன்டர்வியூ வேண்டாம்" எண்டு மரியாதையா சொல்லுங்க. கூடவே அந்த ஷீட்டையும் டெஸ்டையும் தம்பிக்கும் குடுங்க, எங்க பழக்கோணும் எண்டாவது தெரியும்.

நாங்க நியாயமா எடுக்கிறமா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

எண்ணுங்க. எத்தினை பேர் விண்ணப்பிச்சவை, எத்தினை பேரைக் கூப்பிட்டம், எத்தினை பேரை எடுத்தம். ஆண் பெண், எந்த மாகாணம், எந்த மொழியில படிச்சவை எண்டு பிரிச்சு எண்ணுங்க, ஆக்களின்ட பேர் இல்லாம. அமெரிக்காவில 1978ல இருந்து ஒரு கைக்கணக்கு இருக்கு, ஒரு பிரிவில தெரிவாகிற வீதம் கூடின வீதம் இருக்கிற பிரிவின்ட ஐஞ்சில நாலு பங்குக்கு கீழ போனா நிண்டு பார் எண்டு. பெண்கள் 20 பேர் வந்து 4 பேர் தெரிவு, அது 20 வீதம், ஆண்கள் 20 பேர் வந்து 8 பேர், 40 வீதம், அப்ப பாதிதான், பாக்கோணும். உங்களுக்கு வருஷத்துக்கு மூண்டு பேர்தான் எண்டா இந்தக் கணக்கு ஒண்டும் சொல்லாது, ரெண்டு மூண்டு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்க.

எடுக்காத ஒவ்வொரு ஆளுக்கும் ஏன் எண்டு ஒரு வரி எழுதி வையுங்க, அவைக்கு ஒரு மெசேஜும் போடுங்க, பதில் வரும் வரும் எண்டு மாசக்கணக்கில போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளையள் கனபேர். பேந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா அந்த வரியளையும் எண்ணிக்கையையும் ஒண்டா வச்சு, எந்த இடத்தில ஆக்கள் விழுகினம் எண்டு பாருங்க. இன்டர்வியூல எண்டா கேள்வியளைத் திரும்பப் பாருங்க, சீவில எண்டா நிபந்தனையை, ஒரு பகுதி ஆக்களிட்ட இருந்து விண்ணப்பமே வரேல்ல எண்டா விளம்பரம் எந்தப் பேப்பர்ல, எந்த மொழியில, எந்த குரூப்ல போகுது எண்டதை.